முப்பத்தேழாவது புள்ளி

"…ஆகக்கூடி, கடைசியா வந்தவ வெளிய நிக்கட்டும் டீச்சர். ஒரு பிள்ளைய எடுத்துட்டா ஆறுக்கு ஆறு அச்சடிச்ச கணக்கா வருது பாருங்க. பொறவு எதுக்கு மண்டைய உடைக்கணும்?"

எங்கள் தலைமையாசிரியர் இதைச் சொல்லிக்கொண்டே சுண்ணாம்புத் தூள் வாளியைக் கீழே வைத்தார். ராஜபாளையத்தில் எங்கள் தொடக்கப் பள்ளியின் மைதானம் அது. மைதானம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். ஒரு பக்கம் வேப்பமரம், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் நாலு ஆட்டோ நிறுத்தலாம். அதில் அவர் தன் கையாலேயே கயிறு பிடித்து, ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம் என்று கோடு போட்டிருந்தார். அவர் வேட்டியும் முழங்கையும் ஒரே வெள்ளை.

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து விழா நடத்துவார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கலர் கைக்குட்டையோடு டிரில் செய்ய வேண்டும். முந்தின வருடம் எங்கள் பிள்ளைகளின் கடைசி வரிசையில் ஆள் குறைந்துபோனது. அங்கே இருந்த ஒரு வாத்தியார் எல்லார் காதிலும் விழும்படி, "என்ன சார், ஒங்க வரிசை பல்லு போன சீப்பு கணக்கா இருக்கு!" என்று சொல்லிவிட்டார். எங்கள் தலைமையாசிரியர் அந்தச் சீப்பை ஒரு வருடம் மனதில் சொருகிக்கொண்டே திரிந்தார். "தல சீவும்போதெல்லாம் அந்தாளு நெனப்புதான் டீச்சர் வருது" என்பார். சீவுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்த ஜூன் மாதம் ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் முப்பத்தாறு பேர் என்றதும் மனிதர் லட்டு வாங்கிக் கொடுக்காத குறைதான். ஆறுக்கு ஆறு! சீப்புக்குப் பதில் சொல்லும் நாள் வந்துவிட்டது என்றிருந்தார். காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள். அவள் அம்மாவுக்கு இங்கே நூல் மில்லில் வேலை கிடைத்திருந்தது. பதிவேட்டில் அவள் எண் முப்பத்தேழு.

நான் அப்போது அங்கே நிரந்தர டீச்சர் இல்லை. எண்பதுகளின் கடைசி அது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். அந்த இடத்தில் என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். பத்தாவது முடித்தவள், கடலை மடித்து வருகிற காகிதத்தைக்கூட வாசித்துவிட்டுத்தான் எறிவேன், அவ்வளவுதான் என் தகுதி. காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்புக்கு முன்னால் பாடப்புத்தகத்தை நான் படிப்பேன். பத்து மணிக்கு அதையே பிள்ளைகள் படிப்பார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் மூன்று மணி நேரம்தான் வித்தியாசம்.

ராஜபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. எங்கள் தலைமையாசிரியரும் அப்படி ஒரு வீட்டுக்காரர். ஊரோடு தமிழில் பேசுவார், எண்ணும்போது மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்றைக்கும் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று பிள்ளைகளின் தலையைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தவர், கூமாப்பட்டிப் பெண் முன்னால் நின்று, உதட்டைப் பிதுக்கி, "ஒகட்டி மிகிலிந்தி" என்றார். ஒன்று மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

போதாதா? நம் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏட்டி மிகிலிந்தி, ரப்பர் குடுடி!"

"ஏலே, மிகிலிந்திக்கு எடம் விடுலே!"

அந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு தெரியாது. ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டே ரப்பர் கொடுத்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மணிக்கு என்னிடம் வந்து, "டீச்சர், மிகிலிந்தின்னா பூவு பேரா?" என்று கேட்டாள்.

நான் சோற்று டப்பாவை மூடினேன். "நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் அம்மா மில் ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சுத் துகளோடு கேட்டில் நின்றாள். "டீச்சரம்மா, புத்தூர் ஆண்டாள் தேருக்கே வேலய விட்டுப் போகாதவ நான். இவ டிரில்லுக்கு லீவு சொல்லிட்டேன். சூப்பர்வைசரு மொறச்சாரு. எம் மக ஆடுதா, நீரு மொறைச்சா மொறைச்சுக்கிடும்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே புதிதாகத் தைத்த ஊதாப் பாவாடை. மகள் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே நிறுத்தியாகிவிட்டது என்று அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லவே இல்லை.

நானும் சொல்லவில்லை. விழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

மறுநாள் கணக்குப் பாடத்தில் வந்து நின்றது பகா எண். "ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண்" என்று புத்தகம் சொல்லியது. அடுப்படியில் அதை நான் ஐந்து தடவை படித்தேன். ஐந்து தடவையும் வாய் படித்தது, தலைக்குள் ஒன்றும் போகவில்லை. பக்கத்தில் புளி உரித்துப் போட்ட கொட்டை கிடந்தது. சும்மா பன்னிரண்டை எடுத்துத் தரையில் அடுக்கினேன். மூன்று வரிசையாக நின்றது. கலைத்தேன், நாலு வரிசையாக நின்றது. இரண்டு வரிசையாகவும் நின்றது. இன்னொன்றைச் சேர்த்துப் பதிமூன்றாக்கி அடுக்கினேன். எப்படி வைத்தாலும் ஏதாவது துருத்திக்கொண்டு நின்றது. கடைசியில் ஒரே ஒரு நீள வரிசையாகத்தான் ஒழுங்காக நிற்கிறது! உலை பொங்கி அடுப்பு அணைந்தது. எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

ஒரு பை நிறையப் புளியங்கொட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். "புத்தகத்தை மூடுங்க. எல்லாரும் தரையில உக்காருங்க" என்றேன்.

சமமான வரிசைகளாக அடுக்க முடிந்தால் பகு எண். ஒற்றை வரிசையைத் தவிர வேறு எப்படியும் நிற்காவிட்டால் பகா எண். இவ்வளவுதான் நான் சொன்னது. அப்புறம் வகுப்பில் வாத்தியார் வேலை எனக்கில்லை. கொட்டைகளின் சத்தம்தான்.

"டீச்சர், ஏழு நிக்கமாட்டேங்கு!"

"பதினொண்ணும் மொரண்டு பிடிக்கு டீச்சர்!"

"ரெண்டு இரட்டைப்படைதான? அது மட்டும் எப்படி டீச்சர் தப்பிச்சுச்சு?" என்று ஒருவன் கேட்டான். "ரெண்ட ரெண்டு வரிசையா வச்சுப் பாரு" என்றேன். வைத்தான். ஒன்றன் கீழ் ஒன்று. படுக்கப் போட்டால் ஒரு வரிசை, நிற்க வைத்தாலும் அதே வரிசை. "இது ஒரே ஆளுதான் டீச்சர், சட்டைய மாத்திப் போட்டுட்டு வருது" என்றான். இத்தனை வருடத்தில் இரண்டைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

அடுத்ததாக, "முப்பத்தாற அடுக்குங்க" என்றேன். இரண்டு, மூன்று, நாலு, ஆறு, ஒன்பது என்று எல்லா வரிசையிலும் முப்பத்தாறு சொன்னபடி கேட்டது. "இப்ப இன்னொண்ணு சேருங்க."

ஆளாளுக்குக் கலைத்துக் கலைத்து வைத்தார்கள். அதன்பின் மூலைக்கு மூலை குரல்.

"ஒண்ணு மிஞ்சுது."

"எனக்கும் ஒண்ணு மிஞ்சுது."

"எப்படி வச்சாலும் நிக்கல டீச்சர், இது பகா எண்ணு!"

"அப்ப மிஞ்சுனது எந்தக் கொட்டை?" என்று கேட்டேன். ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். "கடைசியா வச்சது" என்றான் ஒருவன். பக்கத்திலிருந்தவள், "ஏலே, நீ மொதல்ல இத வச்சிருந்தா வேற ஒண்ணுல்லா மிஞ்சியிருக்கும்?" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் கொட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு மெதுவாக, "எல்லாந்தான் டீச்சர் மிஞ்சுது" என்றான்.

நான் கூமாப்பட்டிக்காரியைப் பார்த்தேன். "மிகிலிந்தின்னா மிச்சம்னு அர்த்தம் தாயி. பூவு இல்ல" என்றேன். வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. அவள் மட்டும் குனியவில்லை. அவள் தன் கொட்டைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஏழு. அதற்கு மேலே, இரண்டு கொட்டைக்கு நடுச் சந்தில் ஒன்றாக, ஆறு. அதற்கு மேல் ஐந்து, நாலு. கீழேயும் அதே போல ஆறு, ஐந்து, நாலு.

"ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நாலுல நிறுத்தணும்" என்றாள். "மார்கழியில எங்கம்மா போடுவா டீச்சர். இதுல ஒண்ணும் மிஞ்சல."

நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து எண்ணினோம். முப்பத்தேழு. ஆறு பக்கமும் சமமாக, அச்சுப் பூ மாதிரி உட்கார்ந்திருந்தது. வாசலில் நித்தம் குனிந்து புள்ளி வைக்கிறவள் நான். அந்தப் புள்ளிகளை ஒரு நாளும் எண்ணியதில்லை.

ஓடிப்போய்த் தலைமையாசிரியரைக் கூட்டி வந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கோலத்த வாசல்ல போடுங்க டீச்சர். மைதானத்துல வரிசதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சீப்பு அவரை அப்படிக் குத்தியிருந்தது.

ஆனால் பிள்ளைகளை இனி நிறுத்த முடியுமா? இடைப்புள்ளிக் கோலமாக வைத்துத் தள்ளினார்கள். மூன்று புள்ளி, இரண்டு வரை: ஏழு. பகா எண். ஐந்து புள்ளி, மூன்று வரை: பத்தொன்பது. பகா எண். ஏழு புள்ளிக்கு நம் முப்பத்தேழு. ஒன்பது புள்ளி, ஐந்து வரை வைத்தால் அறுபத்தொன்று. அதையும் அடுக்கிப் பார்த்தோம், ஒரே வரிசையைத் தவிர எதிலும் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பு. கரும்பலகையில் பெரிய எழுத்தில், "இப்படி வைக்கும் இடைப்புள்ளிக் கோலத்தில் வருவது எப்போதும் பகா எண்" என்று எழுதி, அழிக்கக் கூடாது என்று கட்டமும் போட்டேன். தலைமையாசிரியர்கூட அதை வாசித்துவிட்டு, "அப்படியா சங்கதி?" என்று தாடையைத் தடவினார்.

இரண்டு நாள் கழித்து, டிரில் பயிற்சி மணி. முப்பத்தாறு பேர் வெளியே போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கூமாப்பட்டிக்காரி ஒரு மஞ்சள் பையோடு என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், நீங்க போர்டுல எழுதுனது தப்பு."

கிளம்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "ஏட்டி, டீச்சரயே தப்புங்கா!" என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

"எங்க தப்பு?" என்றேன்.

"பதினோரு புள்ளி, ஆறு வரைக்கும் வச்சேன். தொண்ணூத்தொண்ணு வந்துச்சு. ரெண்டு ரெண்டா அடுக்குனேன், ஒண்ணு மிச்சம். மூணு மூணா, ஒண்ணு மிச்சம். நாலுல மூணு. அஞ்சுல ஒண்ணு, ஆறுலயும் ஒண்ணு. டீச்சர் சொன்னது சரிதாம்போலன்னு விட்டுறப் பாத்தேன். எங்கம்மா, இம்புட்டு தூரம் வந்துட்ட, இன்னும் ஒண்ணு வச்சுப் பாத்துட்டுப் படுடின்னா. ஏழு ஏழா வச்சேன்…"

பையைத் தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து அடுக்கத் தொடங்கினாள். டிரில்லுக்குப் போக வேண்டியவர்கள் ஒருவரும் போகவில்லை. சுற்றி வளைத்துக் குனிந்து நின்றார்கள். ஒரு வரிசைக்கு ஏழு. வரிசை ஏறிக்கொண்டே போனது. பத்து வரிசை, பதினொன்று, பன்னிரண்டு. கையில் மிச்சமிருந்தது சரியாக ஏழு கொட்டை. பதிமூன்றாவது வரிசையை வைத்து முடித்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். காலி.

"பதிமூணு ஏழு தொண்ணூத்தொண்ணு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். பிள்ளைகள் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்த தலைமையாசிரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அட! எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலகீழா வரும். நானும் அத ரெண்டு நாளா வாசிச்சிட்டுத்தான போனேன்?"

உள்ளே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஒனக்குப் பதிமூணாம் வாய்ப்பாடு தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார்.

"தெரியாது சார். அடுக்கித்தான் பாத்தேன்."

நான் எழுந்து, கட்டம் போட்டு வைத்திருந்த என் கண்டுபிடிப்பை அழித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதியபோது வந்த சந்தோஷம் அழித்தபோது வந்ததில் கால்வாசிகூட இல்லை. நான் சொன்னதை ஒப்பித்தால் அது என் பாடம். அதை உடைத்தால்தான் அது அவளுடைய பாடம். பின்னால் பிள்ளைகள் கை தட்டினார்கள். பெஞ்சின் மேல் ஏறி நின்ற ஒருவன், "ஏலே, தொண்ணூத்தொண்ண உடைச்சிட்டாடா!" என்று தேங்காய் உடைத்ததுபோலக் கத்தினான். அன்றோடு மிகிலிந்தி என்ற பெயர் போனது. இடைவேளையில் தண்ணீர்த் தொட்டியடியில், "தொண்ணூத்தொண்ணு வாரா, வழி விடுங்கல" என்று கேட்டது.

தலைமையாசிரியர் எழுந்து நேரே மைதானத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தான் கயிறு பிடித்துப் போட்ட முப்பத்தாறு கட்டத்தையும் பாதத்தால் தேய்த்து அழித்தார். வாளியை எடுத்து நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அதைச் சுற்றி ஆறு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு. அதைச் சுற்றிப் பதினெட்டு. குனிந்த முதுகு நிமிராமல் தெலுங்கில் எண்ணிக்கொண்டே வைத்தார். கடைசிப் புள்ளி வைத்ததும் நிமிர்ந்து, "சுத்தி நிக்குறது முப்பத்தாறு டீச்சர். அதே முப்பத்தாறு. நடுவுல ஆள் இல்லாட்டா பூவே இல்ல" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "நடுவுல யாருன்னு நான் சொல்லணுமா?" என்றார்.

விழாவில் பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பரிசு. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். எங்கள் பிள்ளைகள் அதை முதல் பரிசு என்றுதான் ஊரெல்லாம் சொன்னார்கள். நானும் திருத்தவில்லை.

நான் சொல்ல வந்தது டிரில்லுக்கு முந்தின நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் நல்ல வெயில். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் மில்லுக்கு லீவு போட்ட அம்மா, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊதாப் பாவாடையில் மகள். பள்ளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தது வேறு யாரும் இல்லை, போன வருடத்துச் சீப்பு வாத்தியார்தான். சட்டையில் ரோஜாப்பூ பேட்ஜ். எங்கள் பள்ளிப் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சார், முப்பத்தேழு பேரா? ஒரு பிள்ளைய எடுத்துட்டா ஆறுக்கு ஆறு அச்சடிச்ச கணக்கா நிக்குமே. கடைசியா ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்கவா கூட்டிட்டு வந்தீக?"

அன்றைக்குப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கையோடு இதே சொல்லைச் சொன்னவரை நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தலைமையாசிரியர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்து, அந்தப் பட்டியலின் மேலேயே கவிழ்த்தார். புளியங்கொட்டைகள் மேசையெல்லாம் உருண்டன.

"முப்பத்தேழு இருக்கு. எண்ணி வச்சதுதான்" என்றார். "நீங்க சும்மா இருக்குற நேரத்துல இத சமமா வரிசை கட்டி வைங்க சார். நாங்க ஆடிட்டு வந்துருதோம்."

பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். மைதானத்தின் நடுவுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கட்டைவிரலால் ஒரு புள்ளி கீறினார். கூமாப்பட்டிக்காரியைக் கை காட்டி அழைத்து அதில் நிறுத்தினார். பிறகு நாலு எட்டு பின்னால் நகர்ந்து, கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதினார்.